அனுமதி வரும்வரை யார் காத்திருப்பது?

(பாளையங்கோட்டையில் நடைபெற்ற நமது ஆதரவாளர் கூடுகையில், ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டர் பொறுப்பிலுள்ள மூத்த செவிலியர் பேசியதன் எழுத்து வடிவம். பலர் கேட்டுக்கொண்டபடி இங்கே வெளியிடுகிறோம்.)



இந்த மேடையில் வருஷந்தோறும் டாக்டர்தான் பேசுவார். இந்த முறை என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம், போன வருஷ அசனப் பந்தியில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி. "இப்பதான் எல்லாருக்கும் காப்பீட்டு அட்டை இருக்கே சிஸ்டர். அஞ்சு லட்சம் வரைக்கும் கவர்மெண்டு குடுக்கு. பொறவு எதுக்கு ஏழை நோயாளி நிதின்னு இன்னும் ரசீது புத்தகத்தை நீட்டுதீங்க?" என்றார். கையில் சாம்பார் வாளி இருந்தது. சிரித்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது. தன் பணம் எங்கே போகிறது என்று கேட்க கொடுக்கிறவருக்கு உரிமை உண்டு. இன்றைக்கு அதற்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் வார்டில் வேலை பார்த்த காலம்தான் அதிகம். இன்சூரன்ஸ் கவுண்டருக்கு வந்தபின் ஊசி போடுகிற கை, காகிதம் ஏற்றுகிற கையாக மாறிவிட்டது. என்னை இப்போது யாரும் "சிஸ்டர், வலிக்குது" என்று கூப்பிடுவதில்லை. "சிஸ்டர், அப்ரூவல் வந்துட்டா?" என்றுதான் கேட்கிறார்கள். காலையில் கதவு திறக்கும்போதும் இதே கேள்வி, ராத்திரி வீட்டுக்குக் கிளம்பும்போதும் இதே கேள்வி.

அந்த அப்ரூவல் என்பது என்ன? ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தவுடன், கையிலிருந்து பணம் கட்டாமல் காப்பீட்டில் சிகிச்சை பெற வேண்டுமானால், காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதத்தை முன்னதாகவே வாங்க வேண்டும். இதற்கு முன் அனுமதி என்று பெயர். டாக்டர் என்ன நோய் என்று எழுதுவார். என்ன சிகிச்சை, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்பதையும் எழுதுவார். நாங்கள் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, அடையாளச் சீட்டு, நோயாளியின் புகைப்படம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்புவோம். எங்கேயோ ஒரு பெரிய நகரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் அதைப் பார்த்து, சரி என்பார், முடியாது என்பார், அல்லது ஒரு கேள்வி கேட்பார். பெரும்பாலும் கேள்விதான்.

நம் நாட்டில் இது ரொம்பப் பழைய காரியம் அல்ல. 1986-இல் அரசுக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளெய்ம் பாலிசியைக் கொண்டுவந்தபோது, முதலில் நாம் பணம் கட்ட வேண்டும், பிறகு பில்லைக் காட்டித் திரும்ப வாங்க வேண்டும். 2001-இல் டி.பி.ஏ. என்கிற இடைநிலை நிறுவனங்களுக்கு விதிகள் வந்தன. அதன் பிறகுதான் பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் 'கேஷ்லெஸ்' முறை பரவியது. ஏழைகளுக்கோ 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. 2018-இல் அது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. இன்றைக்குக் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை வழி இருக்கிறது. இந்தத் திட்டம் ஏழை ஜனங்களுக்குச் செய்திருக்கிற நன்மையை நான் குறைத்துப் பேசமாட்டேன். தாலியை அடகு வைத்து ஆபரேஷனுக்கு வந்தவர்களைப் பார்த்தவள் நான். அந்தக் காட்சி இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

ஆனாலும் அட்டை இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இந்தத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் வருஷம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 ஆக இருந்ததைப் பிறகு உயர்த்தினார்கள். மாதம் 10,000 என்றால், கணவன் கொத்தனார் வேலைக்கும் மனைவி பீடி சுற்றவும் போகிற வீட்டில் கூட அந்தக் கோடு தாண்டிவிடும். தாண்டியவர்கள் பணக்காரர்களா? முக்கூடல், சேரன்மகாதேவி பக்கம் போய்ப் பாருங்கள்.

அடுத்தது பெயர். இதை நம் ஜில்லாக்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுதியது ஒன்று. ரேஷன் கார்டில் தங்கம், ஆதாரில் தங்கமணி, இன்னொரு சீட்டில் எஸ்தர். மூன்றும் ஒரே அம்மாதான் என்று எனக்குத் தெரியும், அவர்கள் தெருவுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் வீட்டுக்குள் ஆறு புகுந்ததே, அப்போது பலருக்கு அந்த மூன்று சீட்டும் சேர்ந்து போயின. அதற்குப் பிறகு எங்கள் கவுண்டருக்கு வந்தவர்களில் சிலர் வெறும் கையை விரித்துக் காட்டினார்கள்.

இப்போது ஒரு தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் வேண்டாம். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் வேண்டாம், குற்றம் சாட்டுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஆற்றங்கரைப் படித்துறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கொண்டுவந்தார்கள். 70 வயது தாண்டியவர்கள். மகன் வெளியூரில் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து அம்மாவுக்குத் தனியார் பாலிசி எடுத்து, ஒரு வருஷமும் தவறாமல் கட்டியிருக்கிறார். நல்ல பிள்ளை.

வயதானவர்களுக்கு இடுப்பு முறிந்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் படுக்கைப் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். எலும்பு முறிவால் சாகாதவர்கள் படுக்கையால் சாவார்கள். சனிக்கிழமை செய்யலாம் என்று எங்கள் ஆர்த்தோ டாக்டர் சொன்னார். விடியற்காலையிலேயே முன் அனுமதிக்கு அனுப்பினேன்.

பதிலாக ஒரு கேள்வி வந்தது. நோயாளிக்குச் சர்க்கரை எத்தனை வருஷமாக இருக்கிறது?

ஏனென்றால் ராத்திரி டூட்டி டாக்டர் கேட்டபோது, வலியில் துடித்த அந்தத் தாயார் "அது கெடக்கு, ஒரு பத்து வருசமா" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டார். பாலிசி எடுத்தது நான்கு வருஷத்துக்கு முன். அப்படியானால் வியாதியை மறைத்துப் பாலிசி எடுத்தார்களா என்பது அவர்கள் சந்தேகம். படியில் வழுக்கியதற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை. மகன் பழைய மருந்துச் சீட்டைத் தேடினார். சர்க்கரை தெரியவந்ததே பாலிசி எடுத்த பிறகுதான் என்று அதில் இருந்தது. அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கட்கிழமை இன்னொரு கேள்வி வந்தது.

நாங்கள் திங்கள் வரை காத்திருக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே ஆபரேஷன் ஆகிவிட்டது. இம்பிளாண்ட் வாங்கின பணம், மயக்க மருந்து டாக்டரின் பணம், ரத்தம், மருந்து எல்லாம் உங்கள் நிதியிலிருந்து போனது. அந்தத் தாயார் ஐந்தாம் நாள் வாக்கரைப் பிடித்து நின்றார்கள். மகன் பிறகு எழுத்துமூலம் புகார் கொடுத்து, பல மாதம் கழித்து ஒரு பகுதி பணம் வந்தது. வந்ததை நிதியில் திரும்பச் சேர்த்தோம்.

பெரியவர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். காப்பீடு பணம் தருகிறது. காத்திருப்பதற்கு அது எதுவும் தருவதில்லை. அந்த இடைவெளியில் உங்கள் காணிக்கை கைமாற்றாக நிற்கிறது. எங்கள் நிதிக் கணக்கில் இரண்டு பத்திகள் இருக்கின்றன. ஒன்று 'திரும்பி வந்தது', இன்னொன்று 'திரும்பாதது'. பார்க்க விரும்புகிறவர்கள் ஆபீசில் கேட்டால் எப்போதும் காட்டுவோம்.

அப்படியானால் முன் அனுமதியையே எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். கூடாது என்பது என் அபிப்பிராயம். எங்கள் டாக்டர்களில் சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. 2012-இல் சத்தீஸ்கரிலும் பீகாரில் சமஸ்திப்பூரிலும் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏழைகளுக்கு வருஷம் 30,000 ரூபாய் வரை தந்த ராஷ்ட்ரீய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா அட்டையைக் காட்டி, தேவையில்லாமல் பெண்களின் கர்ப்பப்பையை எடுத்தார்கள் என்று புகார் எழுந்து விசாரணைகள் நடந்தன. வயிற்று வலி என்று வந்த ஏழைப் பெண்ணிடம், ஆபரேஷன் செய்யாவிட்டால் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்தினால் அவள் என்ன செய்வாள்? யாராவது ஒருவர் குறுக்கே நின்று "ஏன்?" என்று கேட்கத்தான் வேண்டும். நாங்களும் பரிசுத்தவான்கள் அல்ல. வலது கண்ணுக்கு எழுத வேண்டியதை இடது கண் என்று எழுதி அனுப்பியிருக்கிறோம். டாக்டரின் கையெழுத்து எனக்கே புரியாத நாட்களும் உண்டு. கேள்வி வந்ததால் தப்பு பிடிபட்டது.

ஆகவே கேள்வி கேட்பதில் எனக்கு வருத்தம் இல்லை. கேட்கிறவருக்குக் கடிகாரம் இல்லாததுதான் வருத்தம்.

அந்தக் கடிகாரத்தை 2024 மே 29-ஆம் தேதி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது ஐ.ஆர்.டி.ஏ.ஐ., ஒரு சுற்றறிக்கை மூலம் மாட்டிவிட்டது. பாலிசி வைத்திருக்கிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். முன் அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சமயத்தில் இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்குமேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் போட்டால், அதை நிறுவனம் தன் பங்குதாரர் பணத்திலிருந்து கட்ட வேண்டும். நோயாளி இறந்துபோனால் காகிதம் முடியும்வரை உடலைப் பிடித்து வைக்காதபடி உடனே முடித்துக்கொடுக்க வேண்டும். ஒரு கோரிக்கையை மறுப்பதானால் ஒரு குமாஸ்தா மறுக்க முடியாது. நிறுவனத்தின் பரிசீலனைக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும், பாலிசியின் எந்த நிபந்தனையின்படி மறுக்கிறோம் என்று காரணமும் எழுத வேண்டும். இதற்கான ஏற்பாடுகளை 2024 ஜூலை 31-க்குள் செய்து முடிக்கச் சொன்னார்கள்.

மூன்று மணி நேரம் என்பது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கு அது கடைசி பஸ். காலை பத்து மணிக்கு டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிடுவார். துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மத்தியானச் சாப்பாடு வெளியே வாங்குவார்கள். ஆறு மணிக்கு அனுமதி வரும்போது அம்பாசமுத்திரம் பக்கம் உள் கிராமத்துக்குப் போகிற பஸ் போயிருக்கும். இன்னொரு ராத்திரி. அந்தக் கட்டிலுக்காகக் கீழே அவசரப் பிரிவில் இன்னொருவர் ஸ்ட்ரெச்சரில் கிடப்பார்.

விதி வந்தபின் நிலைமை மாறிவிட்டதா? மாறியிருக்கிறது, ஆனால் முழுசாக இல்லை. டிஸ்சார்ஜ் நாள் சாயங்காலங்கள் கொஞ்சம் லேசாகியிருக்கின்றன. ஆனால் ஒரு மணி நேரம் முடியப்போகும் தறுவாயில் ஒரு கேள்வி வந்து விழுகிற வழக்கத்தையும் எங்கள் கவுண்டரில் பார்க்கிறேன். கேள்வி வந்துவிட்டால் கடிகாரம் திரும்ப முதலிலிருந்து ஓடுகிறது. எல்லாக் கேள்விகளையும் ஒரே தடவையில் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மற்றொன்று, இந்தக் கடிகாரம் பாலிசி வாங்கினவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. முதலமைச்சர் திட்டம், அரசும் காப்பீட்டு நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி நடக்கிறது. பணம் கட்டி வாங்கியவருக்கு ஒரு மணி நேரம் என்றால், ஏழைக்கும் அதே அளவு வேண்டும், அதுவும் அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எங்கள் சுவரில் ஒட்டப்பட வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

இது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். நம் அரசே ஒரு காரியத்தில் செய்து காட்டியிருக்கிறது. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், எந்த மாநிலத்துக்காரர் ஆனாலும், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கும்போது ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். நாங்குநேரி நாலுவழிச் சாலையில் அடிபட்டுக் கிடக்கிறவரிடம் உன் பெயர் ஆதாரில் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. முதலில் ரத்தத்தை நிறுத்து, காகிதம் பிறகு. ரோட்டில் விழுந்தவருக்கு உள்ள இந்த ஏற்பாடு படித்துறையில் விழுந்தவருக்கும், வயலில் பாம்பு கடித்தவருக்கும் ஏன் இருக்கக் கூடாது?

அமெரிக்காவிலே இருக்கிற உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே இந்த முன் அனுமதித் தொல்லை நம்மைவிடப் பல மடங்கு. ஒரு மாத்திரைக்குக் கூட அனுமதி வேண்டும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கணக்குப்படி ஒரு டாக்டர் வாரத்துக்குச் சுமார் 40 முன் அனுமதி கேட்கிறார். 2024 ஜனவரியில் அந்த நாட்டு அரசு ஒரு விதி போட்டது. அரசுத் திட்டங்களோடு சேர்ந்த காப்பீட்டு நிறுவனங்கள் 2026 முதல் அவசரக் கேஸ்களுக்கு 72 மணி நேரத்துக்குள்ளும், மற்றவற்றுக்கு ஏழு நாளுக்குள்ளும் பதில் தர வேண்டும். நம்முடைய ஒரு மணி நேரம் காகிதத்திலாவது முன்னே நிற்கிறது! டெக்சாஸ் மாநிலம் 2021-இல் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு டாக்டர் ஒரு குறிப்பிட்ட சிகிச்சைக்கு ஆறு மாதத்தில் கேட்டவற்றில் 90 சதவீதத்துக்கு அனுமதி கிடைத்திருந்தால், அந்தச் சிகிச்சைக்கு அவர் இனிமேல் கேட்க வேண்டியதில்லை. தங்க அட்டை என்று அதைச் சொல்கிறார்கள். யோக்கியமாக நடந்தவரை நம்பு, சந்தேகமானவரை நன்றாகச் சோதி. நம் ஊர் ஆஸ்பத்திரிகளையும் அப்படிப் பிரித்துப் பார்க்க முடியாதா? வருஷக்கணக்காக எங்கள் கணக்கு அவர்கள் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறதே. சோதனையில் நாங்கள் தவறினால் அந்த அட்டையைப் பிடுங்கிக்கொள்ளட்டும்.

கடைசியாக உங்கள் வீட்டுக் காரியம். பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட் நிரப்பிக்கொள்ளட்டும் என்று வெறும் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், பழைய ஆபரேஷன் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். 2024-இல் வந்த விதிகளின்படி, முன்பே இருந்த வியாதிக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருஷம்தான். விட்டுப்போகாமல் 60 மாதம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்தாய் என்று சொல்லி மறுக்க முடியாது. அந்தத் தாயாரின் பாலிசிக்கு அன்று 60 மாதம் ஆகியிருந்தால் சர்க்கரைக் கேள்வியே எழுந்திருக்காது என்று மகனிடம் சொன்னேன். பாவம், இன்னும் ஒரு வருஷம் கழித்து விழ வேண்டும் என்று அவர் அம்மாவிடம் சொல்ல முடியுமா?

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் "எத்தனை வருஷமாக?" என்று கேட்டால் உத்தேசமாகச் சொல்லாதீர்கள். முதல் மருந்துச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். எல்லாச் சீட்டுகளையும் போனில் படம் எடுத்து வெளியூரிலுள்ள பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள், அடுத்த வெள்ளம் நம்மைக் கேட்டு வராது. பெயர் வித்தியாசம் இருந்தால் திடமாக இருக்கும்போதே திருத்திவிடுங்கள். மறுத்துவிட்டார்கள் என்றால் அழுதுகொண்டு போய்விடாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. அவர் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, நிறுவனம் 30 நாளில் நிறைவேற்றாவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும் என்று 2024 சுற்றறிக்கையில் இருக்கிறது. முதலமைச்சர் திட்டத்தைப் பற்றிக் கேட்க 1800 425 3993 என்ற இலவச எண் உண்டு.

அந்தப் பெரியவர் இன்றைக்கும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஐயா, ஒரு வருஷம் தாமதமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். எனக்குக் கடிகாரம் யாரும் மாட்டவில்லை.

பின்னால் வேப்பமரத்தடியில் இரண்டு மேஜை போட்டிருக்கிறோம். பாலிசிப் புத்தகமோ காப்பீட்டு அட்டையோ கொண்டுவந்தவர்கள் காட்டலாம். பெயர் சரியாக இருக்கிறதா, என்ன விட்டுப்போயிருக்கிறது என்று நானும் எங்கள் கவுண்டர் தம்பியும் பார்த்துச் சொல்லுவோம். அசனம் முடிந்து நாலு மணி வரைக்கும் இருப்போம். கண்ணாடி கொண்டுவர மறந்தவர்கள் கவலைப்பட வேண்டாம், வாசித்துக் காட்டுவோம்.